ஒரு சொட்டுக்கும் குறைவாக



கொலு முடிந்து, பொம்மைகளெல்லாம் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு பரணுக்கு ஏறியாகிவிட்டது. கொலுவுக்காகப் பூங்கா கட்டியவர்கள், தெர்மாகோலில் தெப்பக்குளம் வெட்டியவர்கள், தீப்பெட்டி அட்டையில் ரயில் விட்டவர்கள் எனப் பலரும் படம் அனுப்பியிருந்தீர்கள். பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் படத்தோடு வந்த கடிதங்களில் ஒரே புலம்பல். "ஃபெவிக்குவிக் போட்டேன், ஒட்டவில்லை" என்று சிலர். "ஃபெவிக்குவிக் போட்டேன், விரல்தான் ஒட்டியது" என்று மற்றவர்கள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து எழுதிய ஒன்பதாம் வகுப்பு மாணவி, கல்லணைக்குத் தெர்மாகோலில் சுவர் வைத்துப் பசை விட்டதும் அந்த இடமே குழி விழுந்துவிட்டது என்று அழாக்குறையாக எழுதியிருக்கிறாள்.

ஆகவே இந்த மாத ஆசிரியர் பக்கம் முழுவதும் பசைக்கே. தேர்தலையும் சினிமாவையும் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் எழுத வேறு பத்திரிகைகள் இருக்கின்றன.

முதலில் அந்தப் பசையைப் பற்றி. கடையில் நாம் ஃபெவிக்குவிக் என்றுதான் கேட்கிறோம். எந்தக் கம்பெனி டியூபை எடுத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வருகிறோம். எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது சயனோஅக்ரிலேட் என்ற ஒரே குடும்பத்துச் சரக்கு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரி கூவர் என்ற வேதியியலாளர் துப்பாக்கிகளின் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தபோது கையில் அகப்பட்டது. தொட்ட இடமெல்லாம் ஒட்டியதால் உதவாது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1951-ல் ஜெட் விமானத்தின் கண்ணாடி மூடிக்கு வெப்பம் தாங்கும் பொருளைத் தேடும்போது அதே சரக்கு மறுபடி வந்தது. இந்த முறை ஆய்வுக்கூடத்தில் இருந்த விலையுயர்ந்த கருவியின் இரண்டு பட்டகங்களை ஒட்டிவைத்துவிட்டது. கூவருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. 1958-ல் ‘ஈஸ்ட்மன் 910’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. விமான மூடிக்கான தேடலில் கிடைத்த இந்தப் பசைதான் இன்றைக்கு விமான மாடல் செய்பவர்களின் கண்ணாடி மூடியைப் புகை படியவைத்துக் கெடுக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

கூழ், கோந்து, வெள்ளை ஃபெவிகால் எல்லாம் தண்ணீர் ஆவியாகி உலர்ந்து பிடிப்பவை. சயனோஅக்ரிலேட் நேர்மாறு. காற்றிலும் பொருளின் மேற்பரப்பிலும் இருக்கும் இம்மியளவு ஈரம் பட்டதும் அதன் மூலக்கூறுகள் கைகோத்து இறுகுகின்றன. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் புலம்பல் தீர்ந்துவிடும். ஈரம் மேற்பரப்பில்தான் இருக்கிறது; ஆகவே பசை எவ்வளவு மெல்லிய படலமாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரமும் உறுதியாகவும் பிடிக்கும். ஒட்டவில்லையே என்று இன்னும் இரண்டு சொட்டு விடுகிறோம் பாருங்கள், அதுதான் தப்பு. தடிமனாக நிற்கும் பசையின் நடுப்பகுதி நெடுநேரம் இறுகாமலே இருக்கும்.

நம் டெல்டாக் காற்றுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. ஐப்பசி மழையில் வெண்ணாறும் புது ஆறும் நிறைந்து ஓடும் நாட்களில் திறந்துவைத்த டியூப் சீக்கிரமே கெட்டியாகிவிடுகிறது. மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், மூடியை இறுக்கி, புதுச் செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு ஒரு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்த உடனே திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிடுங்கள். குளிர்ந்த டியூபைத் திறந்தால் வியர்த்து உள்ளே ஈரம் போகும். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் ‘பசை’ என்று எழுதி ஒட்டுவது கட்டாயம். கண் சொட்டு மருந்துக் குப்பியும் இதுவும் ஒரே ஜாடை. அவசரத்தில் எடுத்துக் கண்ணில் விட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

எந்தக் கம்பெனி, எவ்வளவு பெரிய பாட்டில் என்று கேட்பவர்களுக்கு என் பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். பெட்டிக்கடையில் அட்டையோடு தொங்குகிறதே, அந்தச் சின்ன டியூப் போதும். வீட்டில் மாடல் செய்பவருக்கு ஐம்பது கிராம் பாட்டில் தண்டச் செலவு. கால்வாசி தீர்வதற்குள் மீதி தேன் பதத்துக்கு வந்துவிடும். சின்ன டியூப் என்றால் ஒரு வேலைக்கு ஒன்று, தீர்ந்ததும் தூக்கிப் போடலாம், அடுத்த தடவை புதுப் பசை. தண்ணீர் போன்ற மெல்லிய வகை, ஜெல் வகை இரண்டிலும் ஒவ்வொன்று இருந்தால் பெரும்பாலான வேலை நடந்துவிடும். இடுக்கே இல்லாமல் கச்சிதமாகப் பொருந்தும் இரண்டு துண்டுகளுக்கு மெல்லியது. பொருத்தம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும், செங்குத்தாக நிறுத்த வேண்டியிருந்தாலும், கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் வேண்டியிருந்தாலும் ஜெல்.

மெல்லிய பசையைக் கையாளும் வித்தையை எங்கள் பூதலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரியவரிடம் பார்க்க வேண்டும். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். திண்ணையில் ஒரு மணைப்பலகை, ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு பழைய பிஸ்கட் டின். அவ்வளவுதான் பட்டறை. மீட்டர் கேஜ் காலத்துப் பெட்டிகளை 1:87 அளவில் செய்கிறார். அந்த அளவில் ஒரு மீட்டர் தண்டவாள இடைவெளி பதினொன்றரை மில்லிமீட்டராகச் சுருங்கும். இப்போது ஓடும் அகல ரயில்பாதையின் 1676 மில்லிமீட்டர் 19.3 மில்லிமீட்டராகும். கடையில் கிடைக்கும் பொம்மைத் தண்டவாளம் வெளிநாட்டுப் பாதைக்குக் கணக்குப் போட்ட 16.5 மில்லிமீட்டர். "நம்ம வண்டி எதுலயும் பொருந்தாது தம்பி" என்று சிரிப்பார். தண்டவாளத்தையும் தானே செய்துகொள்கிறார்.

டியூபை அவர் மாடலுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதே இல்லை. தையல் ஊசியின் காதை நுனியில் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிடுகிறார். காது இரண்டு கூர்முனைகளாகப் பிளந்து நிற்கிறது. ஊசியின் மறுமுனையைப் பென்சில் கட்டையில் செருகிக் கைப்பிடி ஆக்கியிருக்கிறார். சாப்பாடு கட்டிவந்த அலுமினியத் தாளில் ஒரு சொட்டு விட்டு, அதில் ஊசியைத் தொட்டு எடுத்தால் அந்த இரண்டு முனைகளுக்கு நடுவில் கடுகில் பாதிகூட இராத ஒரு மணி நிற்கிறது. பெட்டியின் வாசல் கைப்பிடிக்கு ஒரு பித்தளைக் கம்பி. அதைப் பசையில்லாமலே துளையில் செருகி, நேராக நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். பிறகு பெட்டியைத் திருப்பி, உள்பக்கமிருந்து ஊசியால் கம்பியின் அடியை ஒரு தொடு. மணி காணாமல் போய்விடுகிறது. துளைக்குள் தானாக உறிஞ்சப்பட்டுவிட்டது. வெளிப்பக்கத்தில் ஒரு பொட்டுப் பசை இல்லை.

"பசைய நாம வைக்கக் கூடாது தம்பி. அதுவா உள்ள போகணும்" என்கிறார்.

ஊசி நுனியில் பசை இறுகி அடைத்துக்கொண்டால் முற்றத்துக்குப் போய்த் தீக்குச்சிச் சுடரில் காட்டி எரித்துவிடுகிறார். அந்தப் புகை மூக்கைப் பிடுங்கும், வீட்டுக்குள் செய்யாதீர்கள்.

இனி எதற்கு ஒட்டும், எதற்கு ஒட்டாது.

கடையில் பெட்டியாக வாங்கும் விமானம், கப்பல், டாங்கி மாடல்கள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வருபவை. ஃபெவிக்குவிக்கை வைத்து முழு மாடலையும் முடித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடிக்கலாம், ஒரு தடவை கீழே விழுந்தால் இறக்கை தனியாகப் போகும். இந்தப் பசை இறுகியபின் இழுவைக்குத் தாங்கும், திடீர் அடிக்குத் தாங்காது, சடக்கென்று விட்டுவிடும். பாலிஸ்டைரீனுக்கு என்றே மாடல் சிமென்ட் இருக்கிறது. டாமியா கம்பெனியின் மெல்லிய சிமென்ட் ஆன்லைனில் கிடைக்கிறது. அது இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. உலர்ந்தபின் அங்கே மூட்டு என்று தனியாக ஒன்று இருக்காது. ஃபெவிக்குவிக்கை அந்த மாடலில் வரும் பித்தளைத் தகட்டுப் பாகங்களுக்கும் ரெசின் பாகங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் அவற்றைத் தீண்டாது.

கண்ணாடி மூடிக்கு மட்டும் ஃபெவிக்குவிக் வேண்டவே வேண்டாம். இறுகும்போது எழும் ஆவி பக்கத்தில் படிந்து வெள்ளைப் புகையாக உறைகிறது. மழைக்கு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு செய்தால் ஆவிக்குப் போக வழியில்லை, நிச்சயம் படியும். விரல் பட்ட இடத்தில் ரேகை ரேகையாக நன்றாகப் பிடிக்கும். தடயவியல் துறையினர் குற்றம் நடந்த இடத்துப் பொருட்களை ஒரு பெட்டியில் வைத்து இதே ஆவியைக் காட்டித்தான் கைரேகை எடுக்கிறார்கள். அவர்களுக்கு வரம், நமக்குச் சாபம். கண்ணாடிப் பாகங்களுக்கு வெள்ளை ஃபெவிகாலை ஒரு பல்குச்சியால் தொட்டு வையுங்கள். உலர்ந்தால் தெளிவாகிவிடும், வழிந்தது ஈரத்துணியில் துடைத்தால் போய்விடும்.

திருக்காட்டுப்பள்ளி மகளுக்கு: தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான், நுரையாகப் பெருக்கிய பாலிஸ்டைரீன். சாதாரண ஃபெவிக்குவிக் அதை அரித்துவிடும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைத் தொட்டால் இன்னும் மோசம், கரைந்தே போகும். உனக்கு வெள்ளை ஃபெவிகால்தான் சரி. உலரும்வரை குண்டூசி குத்திவைத்துவிடு, ஒரு ராத்திரி பொறு. பரீட்சைக்கு முதல் நாள் படிப்பதைப் போலக் கண்காட்சிக்கு முதல் நாள் ஒட்டினால் எந்தப் பசையும் கைகொடுக்காது. சன்போர்டு கிடைத்தால் அதில் செய்வது நல்லது; பி.வி.சி. நுரையால் ஆன அந்த அட்டையில் ஃபெவிக்குவிக் அருமையாகப் பிடிக்கும். ஆனால் சன்போர்டு என்ற பெயரில் நடுவில் தெர்மாகோல் வகை நுரை வைத்த அட்டையையும் விற்கிறார்கள். ஒரு மூலையை வெட்டி, ஒரு பொட்டு விட்டுப் பார்த்துவிட்டு இறங்கு.

பிளாஸ்டிக் வாளி, குவளை, தண்ணீர் பாட்டிலின் மூடி இவற்றோடு எத்தனை டியூப் மல்லுக்கட்டினாலும் தோல்விதான். பாலிஎத்திலீன், பாலிபுரோபிலீன் வகைகளில் இந்தப் பசை நிற்காது. பசை அடைத்து வரும் குப்பி எதனால் செய்யப்பட்டது என்று நினைக்கிறீர்கள்? பாலிஎத்திலீன்தான். உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பாட்டில் மூடியில் வண்டிச் சக்கரம் செய்ய வேண்டுமானால் துளையிட்டுக் கம்பியால் கட்டுங்கள். ஐஸ் குச்சி, மூங்கில், தென்னை ஈர்க்கு மூன்றும் நன்றாக ஒட்டும். ஈர்க்கின் மேல் வழவழப்பை மட்டும் பிளேடால் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். பாலத்துக் கைப்பிடிச் சுவருக்கு ஈர்க்கைவிட நேரான, மலிவான சாமான் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மாடல் கலை ஏதோ ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தது என்று யாராவது சொன்னால், தஞ்சாவூர்க் கடைத்தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நெட்டிப் பெரிய கோயிலைக் காட்டுங்கள். ஏரி குளங்களில் வளரும் நெட்டிச் செடியின் வெண்மையான உள்தண்டைக் கத்தியால் சீவி, அடுக்கி, தந்தத்தில் இழைத்ததைப் போன்ற கோயிலை எழுப்பிவிடுகிறார்கள் நம் கைவினைஞர்கள். 2020-ல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நெட்டியில் ஃபெவிக்குவிக்கைக் கொண்டுபோகாதீர்கள். அது முழுக்க நுண்துளை. மெல்லிய பசையை உறிஞ்சி, அந்த இடம் மட்டும் கல்லாகிக் கறை தட்டும். அந்த வெண்மைதான் நெட்டியின் அழகே. வெள்ளைப் பசையை மிக மெல்லிசாகத் தடவினால் போதும்.

உடைந்த கொலு பொம்மைக்கும் கேட்டிருந்தீர்கள். சுட்ட மண்ணும் உறிஞ்சும். முதலில் உடைந்த பரப்பைப் பிரஷால் தட்டித் தூசி நீக்கிவிட்டு ஜெல்லைப் போடுங்கள். கை, கழுத்து போன்று பாரம் தாங்கும் இடமானால் இரண்டு டியூபையும் கலந்து பூசும் அரால்டைட்தான் நம்பகம். சில்லு போன இடத்தை நிரப்ப ஒரு வழி: ஆப்பச் சோடாவைப் பள்ளத்தில் தூவி, மேலே மெல்லிய ஃபெவிக்குவிக்கை ஒரு சொட்டு விட்டால் கண் இமைப்பதற்குள் இறுகிவிடும். சூடும் ஆவியும் கிளம்பும், முகத்தைத் தள்ளி வையுங்கள். பிறகு அரத்தால் தேய்த்து வர்ணம் பூசலாம். அன்றைக்கே தேய்த்துவிடுங்கள், நாளானால் சுற்றியிருக்கும் மண் தேயும், அது தேயாது.

பள்ளிக் கண்காட்சிக்கு ஆண்டுதோறும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கல்லணையைச் செய்கிறார்கள். செய்யத்தான் வேண்டும், பூதலூர்க்காரர்கள் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்? ஆனால் கணக்குப் போட்டுவிட்டு உட்காருங்கள். அணை 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் உயரம். 1:100-ல் செய்தால் மூன்றேகால் மீட்டருக்கு மேல் நீளும், மேஜையில் அடங்காது. 1:500-ல் செய்தால் நீளம் 66 சென்டிமீட்டர், உயரம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். பிள்ளைகள் செய்யும் கல்லணை முழங்கை உயரம் நிற்கிறது! பெரிய கோயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. சுமார் 66 மீட்டர் உயரக் கோயில் விமானம், ஆகாய விமான மாடல்காரர்களின் 1:72 அளவில் 92 சென்டிமீட்டர் வரும், கண்ணுக்கு நிறைவாக இருக்கும். கல்லணைக்கு முழு அணையையும் விட்டுவிட்டு இரண்டு மூன்று மதகுகளை மட்டும் பெரிதாகச் செய்யலாம் என்பது என் யோசனை.

அப்படிச் செய்யும்போது அணையின் உடலுக்குத் தெர்மாகோலும் வேண்டாம், பசையும் வேண்டாம். மேலே பின்னாளில் கட்டிய பாலத்தையும் ஷட்டர்களையும் கழித்துவிட்டுப் பார்த்தால், பழைய அணையின் உள்ளுடல் முரட்டுக் கற்களைக் களிமண்ணில் பதித்ததுதான். ஆழம் தெரியாத ஆற்று மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த மண்ணின் பழைய வேலைகளிலிருந்துதான் கற்றோம் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனே எழுதிவைத்திருக்கிறார். வாய்க்கால் களிமண்ணைக் குழைத்து, கூழாங்கற்களைப் பதித்துக் காட்டுங்கள்; நடுவராக வரும் ஆசிரியர் நின்று கேட்பார். ஷட்டருக்கும் அதைத் தூக்கும் பல்சக்கரக் கம்பிக்கும் மட்டும் ஃபெவிக்குவிக்.

கடைசியாக, பெற்றோர்கள் கவனமாகப் படிக்க வேண்டியது. இந்தப் பசை பருத்தித் துணியிலோ பஞ்சிலோ கணிசமாகக் கொட்டினால் வேகமாக இறுகிச் சுடும். புகை கிளம்பும், தோல் கொப்பளிக்கும். மடியில் வைத்து ஒட்டுவதும், வழிந்ததை வேட்டி நுனியால் துடைப்பதும், பஞ்சை வைத்து ஒற்றுவதும் ஆகாது. விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காதீர்கள், தோல் கையோடு வந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நடுவில் ஒரு பென்சிலை உருட்டி உருட்டிப் பிரியுங்கள். மசியாவிட்டால் அசிட்டோன் கொஞ்சம். அதுவும் கையில் மட்டும். கண்ணிலோ இமையிலோ பட்டால் அசிட்டோனும் வேண்டாம், கைவைத்தியமும் வேண்டாம். தண்ணீரால் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் டியூபின் முனையைப் பல்லால் கடித்துத் திறக்கும் வழக்கத்தை அப்பாக்கள் இன்றோடு விட்டுவிட வேண்டும். பார்த்துத்தான் அவர்களும் கற்றுக்கொள்கிறார்கள்.

தை மாத இதழில் அணை, மதகு, பாலம், ரயில் நிலையம் என நம் ஊர்க் கட்டடங்களின் மாடல்களுக்குப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். நீங்கள் செய்ததைப் படமெடுத்து அனுப்புங்கள். படத்தோடு என்ன அளவு, என்ன பொருள், என்ன பசை என்ற விவரங்களும் வேண்டும். ஒட்டாமல் போனதையும் மறைக்காமல் எழுதுங்கள். மற்றவர்களுக்கு அதுதான் அதிகம் உதவும். மார்கழி 15-க்குள் எங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்
பூதலூர்